கண்மாய்க்கு அடியிலிருந்து சேதி: ஒளியா, ஒலியா, கேபிளா?

மதுரைக்கு வடக்கே அழகர்மலை அடிவாரத்தில் ஒரு கண்மாய். அதன் நடு மடைக்கு முன்னால், தண்ணீருக்கு அடியில், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி வைக்க வேண்டும். மடைவாயில் எவ்வளவு வண்டல் சேர்கிறது, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது, அடியில் வெப்பநிலை என்ன என்று கால்மணிக்கு ஒருமுறை அது அளக்கும். அளந்ததை மேலே சொல்ல வேண்டும். கண்மாய் நிறைந்திருக்கும்போது கருவிக்கு மேலே 3 மீட்டர் தண்ணீர் நிற்கும். அந்த 3 மீட்டரை எதைக் கொண்டு கடப்பது என்பதுதான் நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்த விஷயம்.

தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டால் மீதி வேலை சுலபம். 865 மெகாஹெர்ட்ஸில், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோரா வானொலிச் சில்லு ஒன்று கரையைத் தாண்டி ஊர்ச் சாவடி வரை சேதியைக் கொண்டுபோய்விடும். அந்த அலைவரிசைக்கு இந்தியாவில் உரிமமும் தேவையில்லை. நீர்மட்டம் மட்டும் போதுமென்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். தண்ணீருக்கு மேலே கம்பத்தில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரை மாட்டிவிட்டுப் போய்விடலாம். எங்களுக்கு அடிமண்ணின் கதை வேண்டியிருந்தது. அதனால் கருவி உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் நடத்துகிறேன். என்னிடம் இறுதியாண்டு புராஜெக்ட் செய்த நான்கு பிள்ளைகளும் ஒளிதான் வேண்டும் என்று நின்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. நீருக்கடியில் கம்பியில்லாமல் பேச இருக்கும் வழிகளில் வேகமானது ஒளி. தெளிந்த ஆழ்கடலில் நீல எல்.ஈ.டி. வைத்த மோடம் நூறு மீட்டர் அளவுக்கு, நொடிக்குச் சில மெகாபிட் வேகத்தில் தகவல் அனுப்புகிறது. ஒலி மோடம் அதே தூரத்தில் கிலோபிட் கணக்கில்தான் பேசும். தண்ணீருக்குள் ஒளி நொடிக்கு 2,25,000 கிலோமீட்டர் போகிறது. ஒலி ஒன்றரை கிலோமீட்டர். விலையும் கைக்கு அடக்கம். எல்.ஈ.டி., லென்ஸ், ஒளியை உணரும் ஃபோட்டோடயோடு எல்லாம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு நடை போனால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஒலி மோடம் வாங்கப் போனால் லட்சத்தில் பேசுகிறார்கள்.

ஆனால் மடை திறந்து தண்ணீர் பங்கிடும், கண்மாயின் நீர்க்கட்டி ஐயாவிடம் போய் என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டீச்சரம்மா, வெள்ளம் வர்ற அன்னைக்குப் பேசுமா இது? அன்னைக்குத்தான் எனக்குச் சேதி வேணும். தண்ணி தெளிஞ்ச பெறகு நானே கரையில நின்னு பாத்துக்கிருவேன்."

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய பதில்தான். தரவுத்தாளில் இருக்கும் வேகமும் தூரமும் நல்ல நாளின் கணக்கு. ஒரு தொடர்பு நம்பகமானதா என்பது, அது எந்த நாளில் தேவைப்படுகிறதோ அந்த நாளில்தான் தெரியும். மழை இறங்கி, ஓடை செங்காவி நிறத்தில் உள்ளே வந்து, மடைவாயில் வண்டல் குவிகிற நாள்தான் எங்கள் கருவி பேசியாக வேண்டிய நாள்.

முதலில் ஒளியின் கணக்கு. தண்ணீரில் ஒளி கரைவது வட்டிக்கு வட்டி போல. ஒவ்வொரு மீட்டரும் மிஞ்சியிருப்பதில் ஒரே விகிதத்தைத் தின்னும். தெளிந்த கடலில் 3 மீட்டர் போனபின் 64 விழுக்காடு மிஞ்சும். கரையோரக் கடலில் 30 விழுக்காடு. கலங்கிய துறைமுகத் தண்ணீரில் ஏறக்குறைய 700-ல் ஒரு பங்கு. இவை இத்துறையில் எல்லோரும் எடுத்தாளும் கெழுக்களிலிருந்து வருகிற எண்கள். துறைமுகம்தான் அவர்களுடைய கடைசிப் படி. எங்கள் கண்மாய் மழைக்காலத்தில் அதற்கும் கீழே இருக்கிறது.

எவ்வளவு கீழே என்று அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், விஞ்ஞானி, கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். அதே முறைதான் இன்றுவரை. நாங்கள் 20 செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, நான்கு கால்பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி எனாமல் பூசி, நடுவில் துளையிட்டு, அடியில் ஒரு படிக்கல்லைக் கட்டி, பத்து செண்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் கயிற்றில் இறக்கினோம். ஐப்பசி மழை பெய்த மூன்றாம் நாள் அது. தட்டு ஒரு சாண் இறங்கியது. வெள்ளைப் பாகம் முதலில் டீ நிறமானது, பிறகு செங்கல் நிறம், பிறகு இல்லை. கயிறு மட்டும் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த மாணவி திரும்பி என்னைப் பார்த்தாள். கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை என்பது அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் போட்டோம்.

எங்கள் எல்.ஈ.டி. வெளிவிடும் ஒளி, ரிசீவருக்குக் குறைந்தபட்சம் தேவைப்படுவதைப்போல் பத்து லட்சம் மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒளிக்கற்றை விரிந்துகொண்டே போகிறது. 3 மீட்டரில் அது ஒரு மீட்டர் அகல வட்டமாகிவிடும். எங்கள் லென்ஸ் 5 செண்டிமீட்டர்தான். அந்த விரிவிலேயே 400-ல் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஆக, தண்ணீர் தின்பதற்கு நாம் விட்டுக்கொடுக்கக்கூடியது 2,500 மடங்கு. 3 மீட்டருக்குப் பிரித்தால், ஒவ்வொரு மீட்டரிலும் பதின்மூன்றில் ஒரு பங்காவது மிஞ்ச வேண்டும்.

தட்டு மறையும் ஆழத்திலிருந்து தண்ணீர் தின்னும் விகிதத்தை இரண்டு விதமாகக் கணிக்கலாம். சிதறிய ஒளி எல்லாமே போய்விட்டது என்று வைத்தால் அது கடுமையான கணக்கு. குறுகிய லேசர் கற்றைக்கு அதுதான் பொருந்தும். சிதறிய ஒளியிலும் பெரும்பகுதி முன்னோக்கித்தான் போகிறது, அகலமான லென்ஸ் அதில் கொஞ்சத்தைப் பொறுக்கிக்கொள்ளும் என்று வைத்தால் அது தாராளக் கணக்கு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். 3 மீட்டருக்கு எங்களுக்குக் கிடைத்த வரம்பு இது: தட்டு இரண்டரை மீட்டர் தாண்டியும் தெரிந்தால் ஒளியை நம்பலாம். முக்கால் மீட்டருக்குள் மறைந்தால் எண்ணத்தையே விட்டுவிடலாம். இடைப்பட்டது சூதாட்டம்.

ஒரு சாணில் மறைந்த அன்றைக்கு? தாராளக் கணக்கிலேயே 3 மீட்டர் கடந்து வருவது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நாம் தாங்கக்கூடியது இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. "இன்னும் பவர் கூடுதலான எல்.ஈ.டி. போடலாமே மேடம்" என்று பையன் ஒருவன் கேட்டான். வெளிச்சத்தைப் பத்து மடங்கு கூட்டினால் அந்தத் தண்ணீரில் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு அடி. அடுத்த அடிக்கு இன்னும் பத்து மடங்கு. வட்டிக்கு வட்டிக் கடனை அசலைக் கூட்டி அடைக்க முடியாது.

நிறத்தை மாற்றிப் பார்த்தோமா என்று இத்துறை தெரிந்தவர்கள் கேட்பார்கள். மாற்றினோம். ஆய்வகத் தாழ்வாரத்தில் 6 அங்குல பி.வி.சி. பைப் ஒன்றை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து தொட்டி போல வைத்து, இருமுனையும் அக்ரிலிக் போட்டு அடைத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பினோம். நீலம், பச்சை, ஆம்பர் என்று மூன்று எல்.ஈ.டி. சுத்தமான தண்ணீரில் நீலக்கற்றை பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியக்கூட இல்லை. மறுமுனையில் மட்டும் பளிச்சென்று ஒரு பொட்டு. கண்மாய் வண்டலை ஒரு டம்ளரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஊற்ற, ஊதுபத்திப் புகைக்குள் வெயில் விழுந்ததுபோல் கற்றை முழுவதும் ஒளிர ஆரம்பித்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நம் கண்ணுக்கு வருகிற ஒவ்வொரு துளியும் ரிசீவருக்குப் போகாத துளி. முதலில் நீலம் அணைந்தது, பிறகு பச்சை. ஆம்பர்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தது.

காரணம் மண்ணிலிருக்கிறது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணின் நிறமே இரும்பு ஆக்சைடு. அது நீலத்தை விழுங்கி ஆரஞ்சையும் சிவப்பையும் விட்டுவிடும். அதனால்தானே மண் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. சுத்தத் தண்ணீர் இதற்கு நேர்மாறு. அது சிவப்பை விழுங்கி நீலத்தை விடும். ஆழ்கடல் மோடங்கள் பெரும்பாலும் நீலத்தில் இருப்பது அதனால்தான். அங்கே எழுதப்பட்ட "நீலமே சிறந்தது" என்ற விதியை அப்படியே எடுத்துவந்து கண்மாயில் போட்டால் ஆரம்பத்திலேயே கோட்டை விட்டுவிடுவோம். பாசி பிடித்த பச்சைத் தண்ணீருக்குப் பச்சை, தெளிந்த தண்ணீருக்கு நீலம், செங்கலங்கலுக்கு மஞ்சளிலிருந்து ஆரஞ்சு. டிவி ரிமோட்டில் இருக்கும் அகச்சிவப்பு எதற்குமே ஆகாது. சுத்தமான தண்ணீரே ஒரு மீட்டருக்குள் அதை முழுக்கக் குடித்துவிடும். சரியான நிறத்தைப் போட்டால் கொஞ்சம் தூரம் கூடும். ஆனால் வெள்ள நாளின் கண்மாயை எந்த நிறத்தாலும் கடக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறான ஆறுதலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் எழுதிய முதல் அறிக்கையிலேயே அது இருந்தது. ஒரு சேதி தவறுவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்றால், மூன்று முறை அனுப்பினால் மூன்றுமே தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று, ஆகவே 99.9 விழுக்காடு நம்பகம். ஏட்டில் சரிதான். ஒரு மீன் குறுக்கே போவது, காற்றுக்குமிழி எழுவது, இலை மிதந்து வருவது போன்ற தடைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அடுத்த நொடி அந்தத் தடை இருக்காது. கலங்கல் அப்படிப்பட்டதில்லை. இந்த நொடி கலங்கியிருந்தால் அடுத்த நொடியும் கலங்கித்தான் இருக்கும். மெல்லிய களிமண் படிய நாள்கணக்காகும். மூன்று முறை என்ன, மூவாயிரம் முறை அனுப்பினாலும் ஒரே பதில்தான். பிழைதிருத்தக் குறியீடுகளும் இதே கதிதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்த பிட்டுகளை அவை மீட்டுத்தரும், வராத ஒளியை வரவைக்காது. தோல்விகள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருமா, தனித்தனியாக வருமா என்று கேட்காமல் நம்பகத்தை விழுக்காட்டில் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குச் சொன்னேன். அறிக்கையில் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதவைத்தேன்.

அளந்ததைக் கருவியே நினைவில் வைத்திருந்து, தண்ணீர் தெளிந்தபின் மொத்தமாக அனுப்பலாம். ஆராய்ச்சிக்கு அது போதும். நீர்க்கட்டி ஐயாவுக்குப் போதாது.

அடுத்து வானொலி அலை. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வை-ஃபை அலைவரிசையில் நன்னீர்கூட ஒரு மீட்டருக்கு 200 டெசிபெலுக்கு மேல் தின்றுவிடும். ஒரு சாண் ஆழத்திலேயே எல்லாம் அடங்கிவிடும். அதிர்வெண்ணைக் குறைக்கக் குறைக்கத் தூரம் கூடும். 433 மெகாஹெர்ட்ஸ் நன்னீரில் ஓரிரு மீட்டர் தாக்குப்பிடிக்கும். ஆனால் கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏற ஏற அதுவும் குறையும். கடலில் இன்னும் கீழே, கிலோஹெர்ட்ஸுக்கே இறங்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990-லிருந்து அதைத்தான் செய்கிறது: வானுயர்ந்த கம்பங்களை நட்டு, மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்புகிறது. அதற்கு எத்தனை பெரிய ஏற்பாடு தேவை என்று யோசித்தால் டிபன் பாக்ஸ் அளவுக் கருவிக்கு அந்த வழி இல்லை என்பது விளங்கும்.

ஒலியை நான் முதலில் குறைத்துத்தான் மதிப்பிட்டேன். ஆழம் குறைந்த தண்ணீரில் எதிரொலி கொல்லும் என்று பாடத்திலேயே வருகிறது. உண்மைதான், மேற்பரப்புக்கும் அடிக்கும் இடையில் ஒலி பந்து மாதிரி துள்ளும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 3 மீட்டரைக் கடக்க 2 மில்லிநொடி. ஒருமுறை அடிக்குப் போய் மீண்டும் மேலே வர இன்னும் 4 மில்லிநொடி. ஒவ்வொரு பிட்டுக்கும் 50 மில்லிநொடி ஒதுக்கிவிட்டால் எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படிப் போனால் நொடிக்கு 20 பிட். எங்கள் ஒரு அளவீடு 96 பிட். ஐந்து நொடியில் முடிந்தது! கால்மணிக்கு ஒருமுறை ஐந்து நொடி பேசுகிற கருவிக்கு மெகாபிட் எதற்கு? ஒளியின் பெரிய பெருமை என்று நாங்கள் முதல் பக்கத்தில் எழுதிவைத்த வேகம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

கலங்கல் ஒலியை அவ்வளவாகத் தொடுவதில்லை. களிமண் துகள் ஒளியின் அலைநீளத்துக்குப் பெரிய பாறை. ஒலியின் அலைநீளத்துக்குத் தூசு. தமிழ்நாட்டுக் கடலோரம் அறிந்த உதாரணமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடல்களில் போடப்பட்ட எச்சரிக்கை மிதவைகளில், ஆழ்கடல் தரையில் இருக்கும் அழுத்தமானி ஒலிமோடம் மூலமாகத்தான் மேலே இருக்கும் மிதவையோடு பேசுகிறது; அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு. கிலோமீட்டர் கணக்கில் ஆழம். ஒளி எட்டிப்பார்க்க முடியாத தூரம்.

ஒலிக்குக் கண்மாயில் இருக்கும் எதிரி வேறு. ஆகாயத்தாமரை வேர்க் கூட்டத்தில் சிக்கியிருக்கும் காற்று; அழுகிய சேற்றிலிருந்து எழும் வாயுக் குமிழிகள். குமிழி ஒலியை மென்று துப்பிவிடும். கோடையில் சேறு கொப்புளிக்கும்போது ரிசீவரில் சிக்னல் ஏறி இறங்கியது. ஆனால் முற்றாக நின்றுபோகவில்லை. வெள்ள நாளில் ஒழுங்காகப் பேசியது.

இனி கேபிள். கம்பியில்லாத் தொடர்பு பற்றிய புராஜெக்டில் கேபிளைப் பற்றிப் பேசவே பிள்ளைகளுக்கு மனமில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒப்பிடுவது என்று இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். ஆர்.எஸ்-485 என்ற கம்பிவழித் தகவல் முறையில் நான்கு கம்பிக் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பேசும். கலங்கல், வெயில், குமிழி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. கருவிக்குக் கரண்டும் அதே கேபிளில் கொடுத்துவிடலாம். பேட்டரி மாற்ற யாரும் முங்க வேண்டியதில்லை.

கேபிளுக்கு எதிரான வாதங்களும் பலமானவை. குத்தகைக்காரர் வலை இழுப்பார். எருமை இறங்கும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா வந்தால், சுற்றுப்பட்டு ஊர் சனம் முழுவதும் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். அந்தக் கால்களுக்கு நடுவில் தரையில் கிடக்கும் கேபிள் அரைமணி நேரம் தாங்காது. செம்புக் கம்பியைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்களுக்கு நேர்ந்தது இன்னொன்று. "ஐ.பி.68, தண்ணீர் புகவே புகாது" என்று சொல்லி வாங்கிய கனெக்டர் மூன்றாவது வாரத்தில் கசிந்துவிட்டது. எத்தனை ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தத் தரக்குறியீட்டின் விதி. மாதக்கணக்கில் மூழ்கிக் கிடப்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. கேபிளை அறுத்துப் பார்த்தபோது, ஈரம் கம்பி இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் முழங்கை நீளத்துக்கு ஏறியிருந்தது. பிறகு கனெக்டரே இல்லாமல், ஒவ்வொரு இழையையும் சுரண்டி ஈயம் பூசி, மொத்தத்தையும் எபாக்சியில் ஊற்றி மூடினோம்.

ஒளியும் ஒலியும் வலைக்கும் எருமைக்கும் தப்புமா? இங்கேதான் எங்கள் யோசனை திரும்பியது. கம்பியில்லாமல் பேசினாலும் மேலே கேட்பதற்கு மிதவை வேண்டும். மிதவை காற்றில் போய்விடாமலிருக்க நங்கூரக் கயிறு வேண்டும். வலை இழுத்தால் அந்தக் கயிறும்தான் போகும். கயிறு இருக்கும்வரை அதோடு சேர்த்துக் கட்டிய கேபிளும் இருக்கும். கயிறு போனால் ஒளியும் போச்சு, ஒலியும் போச்சு. எந்தத் தடையிலிருந்து தப்பிக்கக் கம்பியை விட்டோமோ அதே தடைக்குக் கம்பியில்லாததும் ஆளாகிறது என்றால் அதில் என்ன லாபம்?

அதற்கு மேல் ஒரு நல்ல காலம், எங்கள் மடை பழைய மடை. தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன, குறுக்கே பலகைக் கல் வைத்து. எத்தனை வெள்ளத்தைப் பார்த்தவையோ தெரியாது. மிதவையே வேண்டாமென்று தூணின் அடியில் கருவியைப் பட்டை போட்டு இறுக்கி, கேபிளை அரை அங்குல ஜி.ஐ. பைப்புக்குள் விட்டு, தூணோடு ஒட்டி மேலே ஏற்றினோம். தூணில் ஒரு துளைகூடப் போடவில்லை. போடக்கூடாது என்று ஐயா முதலிலேயே சொல்லிவிட்டார். மீன்பிடித் திருவிழா அன்றைக்கும் யாரும் தூணில் வலை போடுவதில்லை, கிழிந்துவிடும் என்பதால்.

ஆகவே கண்மாய்க்கு எங்கள் முடிவு: தூண் இருக்கும் மடையில் கேபிள். தூண் இல்லாத இடத்தில், நடுக்கண்மாயில் அளக்க வேண்டுமென்றால் ஒலி. ஒளி, மழைக்காலக் கண்மாயில் வேண்டாம்.

இத்தோடு நிறுத்தினால் ஒளிக்கு அநியாயம் செய்ததாகும். அதே பிள்ளைகள் செய்த அதே கருவி, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றில் நன்றாக வேலை செய்கிறது. மாணவி ஒருத்தியின் தாத்தா தோட்டத்துக் கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி. தட்டு கடைசி முடிச்சு வரை தெரிந்தது. அங்கே ஒளிக்கு எல்லாமே சாதகம். உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம் தவிர வெயில் உள்ளே விழுவதில்லை. காற்று இல்லாததால் மேலே தொங்கும் ரிசீவர் ஆடுவதில்லை. குறுகிய கற்றை போட்டால் போதும், விரிவில் போகும் நஷ்டம் மிச்சம்.

அதே கிணற்றில் மற்ற இரண்டுக்கும் பாதகம். சப்மர்சிபிள் மோட்டார் ஓடும்போது ஒலி மோடத்தின் காதுக்குள் ஒரே இரைச்சல், நான்கு பக்கமும் பாறைச் சுவர் வேறு. கேபிளோ, மோட்டாரை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் கயிற்றோடும் குழாயோடும் முறுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது தடவை அறுந்தேவிட்டது. தாத்தாவுக்கு மோட்டார்தான் முக்கியம், எங்கள் கேபிளில்லை. அது நியாயம்.

கிணற்றிலும் ஒளி தானாக நம்பகமாகிவிடவில்லை. அடியிலிருக்கும் அனுப்பி மேல்நோக்கியும், ரிசீவர் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் உச்சி வெயில் நேராக ஃபோட்டோடயோடில் விழுந்து அதைக் குருடாக்கிவிடும். மேல்நோக்கிய கண்ணாடியில் தூசும் பாசியும் படியும். பாசி ஒரே நாளில் தொடர்பை அறுக்காது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியின் கையிருப்பைத் தின்னும், சேதி மட்டும் வந்துகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் சட்டென்று நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு சேதியோடும் வந்த ஒளியின் அளவையும் சேர்த்துப் பதியவைத்தோம். கையிருப்பு பாதியானதும் துடைக்க ஆள் போகும். ஒளித்தொடர்பு வைக்கிற எவரும் இந்த ஒரு எண்ணைப் பதியாமல் விடாதீர்கள்.

வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரியான இடங்கள் நடுவில் நிற்கின்றன. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம்; நிறைந்திருக்கும்போது செம்மண் கலங்கலைவிடப் பச்சைப் பாசிதான் அங்கே பிரச்சினை. பச்சை எல்.ஈ.டி., குறைந்த தூரம் என்றால் ஒளி ஓடும். மேலூர்ப் பக்கம் மழைநீர் தேங்கிய பழைய கல்குவாரிப் பள்ளங்களின் தெளிந்த தண்ணீர் ஒளிக்குச் சொர்க்கம்தான். ஆனால் கரையே இல்லாத செங்குத்துப் பாறை அது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக நான் சம்மதிக்கவில்லை, இனியும் மாட்டேன்.

கண்மாயிலேயே ஒளிக்கு ஒரு வேலை கிடைத்தது. தூணடியில் இருக்கும் கருவியின் மூடியில் சின்னதாய் ஒரு அக்ரிலிக் சன்னல் வைத்திருக்கிறோம். தண்ணீர் வற்றும் காலத்தில், மூங்கில் கழியின் நுனியில் கட்டிய ரிசீவரை அந்தச் சன்னலுக்கு நான்கு விரல் தூரத்தில் கொண்டுபோனால், பருவம் முழுவதும் சேர்ந்த மூல அளவீடுகள் அத்தனையும் சில நொடிகளில் மேலே வந்துவிடும். திறக்க வேண்டிய மூடி இல்லை, கசிய வேண்டிய கனெக்டர் இல்லை. நான்கு விரல் தூரத்தில் அத்தனை கலங்கலும்கூட ஒளியை முழுக்க நிறுத்த முடியாது. மெகாபிட் வேகம் உண்மையிலேயே பயன்பட்ட ஒரே இடம் அதுதான்.

தட்டு இப்போது மடைத்தூணில் தொங்குகிறது. ஐயா தினமும் காலையில் அதை இறக்கி, எத்தனை முடிச்சில் மறைந்தது என்று சாவடிச் சுவரில் கரித்துண்டால் எழுதுகிறார். அடுத்த ஐப்பசிக்கு, அந்தச் சுவரிலிருக்கும் எண்களையும் கேபிள் வழியாக வந்த கலங்கல் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம்.